திறன்பலகை வந்தால் பிள்ளைகள் கூடக் கற்பார்களா? ஆய்வு செய்யப்போகும் ஆசிரியருக்கு ஒரு பதில்

கேள்வி: கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றில் தரம் 9க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். கல்வியியல் முதுமாணிக்காக “கற்றல் கற்பித்தலில் டிஜிட்டல் தொழில்நுட்பத்தின் தாக்கம்” என்று தலைப்புக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் மிகவும் அகலம் என்று திருப்பித் தந்துவிட்டார். பாடசாலையில் ஒரு திறன்பலகை, 20 கணினிகள் உள்ள ஆய்வுகூடம், ஒவ்வொரு வகுப்புக்கும் வாட்ஸ்அப் குழு எல்லாம் இருக்கின்றன. இதுவரை நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நான் எதை, எப்படி ஆராயலாம்?

பதில்:

மேற்பார்வையாளர் திருப்பித் தந்தது நியாயமே. “தொழில்நுட்பம்” என்ற ஒரு சொல்லுக்குள் பல வேறு விடயங்களை அடைத்திருக்கிறீர்கள். திறன்பலகையில் ஓடும் வீடியோவைப் பார்ப்பது ஒன்று. ஆய்வுகூடத்தில் பிள்ளை தானே கணக்குச் செய்து சரி பிழை பார்ப்பது வேறொன்று. இரவில் வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பின் படத்தைக் கொப்பியில் பார்த்தெழுதுவது இன்னொன்று. மூன்றிலும் பிள்ளையின் மூளை செய்யும் வேலை ஒன்றல்ல. ஆகவே கருவி நல்லதா கெட்டதா என்று கேட்டால் விடை கிடைக்காது. கருவி வந்ததால் அந்த 40 நிமிடப் பாடவேளையில் பிள்ளை செய்யும் வேலையில் எது கூடியது, எது இல்லாமற்போனது என்று கேட்டால் கிடைக்கும். பல ஆண்டு ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தால் இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்த விவாதத்தைக் கூர்மையாக்கியவர் ரிச்சர்ட் கிளார்க். சாமான் ஏற்றிவரும் லொறி நம் போசாக்கை எப்படி மாற்றாதோ, அப்படியே பாடத்தைச் சுமந்துவரும் ஊடகமும் கற்றலை மாற்றாது என்று 1983இல் எழுதினார். கணினி வகுப்பு நன்றாகச் செய்ததாகக் காட்டிய பழைய ஆய்வுகள் பலவற்றில், அந்த வகுப்புக்குப் பாடம் தயாரித்தவர் ஒருவர், சாதாரண வகுப்புக்குப் படிப்பித்தவர் வேறொருவர். ஒரே ஆசிரியர் இரண்டையும் செய்த ஆய்வுகளில் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். இதற்கு மறுப்பு எழுதியவர் ரொபர்ட் கொஸ்மா. சில ஊடகங்களால் மட்டும் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு என்பது அவர் வாதம். ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணியின் ஓர் உச்சியைப் பிடித்து இழுக்கும்போது மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்க, கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையில் நிற்பதைக் கரும்பலகையால் காட்ட முடியாது. இருவரையும் வாசியுங்கள். ஆனால் ஆய்வை வடிவமைக்கும்போது கிளார்க்கின் எச்சரிக்கைதான் உங்களைக் காப்பாற்றும்.

கருவியைக் கொடுத்தால் மட்டும் போதுமா என்பதற்கு மிகத் தெளிவான சான்று பெருவில் இருந்து வந்தது. கிராமப்புறப் பாடசாலைகள் 300க்கு மேற்பட்டவற்றில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை எழுமாற்று முறையில் ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 15 மாதங்களுக்குப் பிறகும் கணிதத்திலோ மொழியிலோ முன்னேற்றம் இல்லை. கணினிகள் வந்தன, பிள்ளைகள் பயன்படுத்தவும் செய்தார்கள். ஆனால் வகுப்பில் நடந்த பாடம் மாறவில்லை.

உங்களுக்கு மிக நெருக்கமானவை இந்திய ஆய்வுகள். குஜராத்தின் வடோதரா நகரில் தரம் 4 பிள்ளைகள் இருவருக்கு ஒரு கணினி என்று வாரத்தில் 2 மணிநேரம் கணித விளையாட்டுகள் செய்தார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் கணிதப் புள்ளி 0.47 நியம விலகல் (புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) உயர்ந்தது. கல்வி ஆய்வில் இது பெரிய எண். அதே குஜராத்தில் லீ லிண்டன் செய்த இன்னோர் ஆய்வைத்தான் நீங்கள் முதலில் வாசிக்க வேண்டும். ஒரே மென்பொருளை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். பாடசாலை நேரத்தில், ஆசிரியர் படிப்பிக்கும் நேரத்தை வெட்டிக் கொடுத்தபோது கற்றல் 0.57 நியம விலகல் குறைந்தது. பாடசாலைக்கு முன்னோ பின்னோ மேலதிகமாகக் கொடுத்தபோது 0.28 கூடியது. மென்பொருள் ஒன்றே. முதலாவதில் நல்ல ஆசிரியரின் நேரம் பறிபோனது, இரண்டாவதில் அது அப்படியே இருக்கப் பயிற்சி சேர்ந்தது. “கணினி கற்றலைக் கூட்டுமா” என்ற கேள்விக்கு இந்த ஓர் ஆய்வே ஆம் என்றும் இல்லை என்றும் பதில் சொல்லிவிடுகிறது.

அடுத்து டில்லி. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்திரோ கனிமியன் மூவரும் 2019இல் வெளியிட்டது. 619 மாணவர், பாடசாலை முடிந்த பின் பயிற்சி நிலையத்தில் 90 நிமிடம்: பாதி நேரம் கணினியில் அவரவர் மட்டத்துக்கு ஏற்ற பயிற்சி, மீதி நேரம் சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியருடன். நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37, ஹிந்தியில் 0.23 நியம விலகல் உயர்வு. தரம் 6 பிள்ளைகள் சராசரியாகக் கணிதத்தில் இரண்டரை ஆண்டு பின்தங்கியிருந்தார்கள் என்பதை அந்தத் தரவே காட்டியது. 40 பேர் உள்ள வகுப்பில் ஒரே பாடத்தை எல்லோருக்கும் நடத்தும் ஆசிரியரால் எட்ட முடியாத இடம் அது. கணினி அங்கே ஆசிரியரின் இடத்தைப் பிடிக்கவில்லை. பிள்ளை நிற்கும் படியைக் கண்டுபிடித்து, அந்தப் படியில் இருந்து கணக்குக் கொடுத்தது.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி நினைக்கிறீர்கள் என்றால் பொட்சுவானாவைப் பாருங்கள். 2020இல் பாடசாலைகள் பூட்டிக்கிடந்தபோது சுமார் 4,500 குடும்பங்களில் நடந்த ஆய்வு. வாரம் ஒரு குறுஞ்செய்தியில் கணக்கு அனுப்பியது மட்டும் பயன் தரவில்லை. அதோடு ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து 15, 20 நிமிடம் பெற்றோரோடும் பிள்ளையோடும் பேசியபோது 0.12 நியம விலகல் கூடியது. நம் குழுக்களில் நடப்பது பெரும்பாலும் முதல் வகை: குறிப்பின் படம் போகிறது, பிள்ளை பார்த்தெழுதுகிறது, அதோடு சரி.

15 வயது மாணவரின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா சோதனையின் தரவையும் ஆய்வுப் பின்னணியில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 2022 சுற்றில், கணித வகுப்பில் மற்றவர்களின் கருவிகளால் கவனம் சிதறுகிறது என்று சொன்னவர்கள் ஓஈசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் நாடுகளில் சராசரியாக 59 சதவீதம். குடும்ப வசதியைக் கணக்கில் எடுத்த பின்னும் அவர்களின் புள்ளி 15 குறைவு. ஆனால் இது தொடர்பு மட்டுமே, காரணம் அல்ல. கட்டுப்பாடு குலைந்த வகுப்பில் கருவியும் கவனச்சிதறலும் குறைந்த புள்ளியும் ஒன்றாக வரக்கூடும். மேற்கோள் காட்டும்போது இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். வாய்மொழிப் பரீட்சையில் முதலில் கேட்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்பார்கள். துருக்கியில் ஏறத்தாழ 1,000 உயர்பாடசாலை மாணவரிடம் நடந்த ஆய்வு ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சாதாரண ஜிபிடியோடு பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடச் செய்தார்கள். அது இல்லாமல் பரீட்சை எழுதியபோது, அதைத் தொட்டே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் குறைந்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த வடிவத்தில் அந்தப் பாதிப்பு பெருமளவு இல்லை. விடை சும்மா கிடைத்தால் பிள்ளை யோசிக்காது. கருவி மாறினாலும் இந்த இடம் மாறவில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் பூட்டிய பிறகு நடந்த சூம் வகுப்புகளை வைத்து “இணையவழிக் கற்றலின் விளைவு” என்று முடிவெழுத வேண்டாம். அது அவசரகாலத் தொலைக் கற்பித்தல். ஒரு வீட்டில் ஒரு தொலைபேசி, மூன்று பிள்ளைகள், தொலைபேசிக்காரர் வேலைக்குப் போன அப்பா என்ற நிலையில் அளக்கப்பட்டது வறுமைதான், கற்பித்தல் முறை அல்ல.

இனி, வெளிநாட்டு ஆய்வுகளில் கிடைக்காத, ஆனால் கொழும்பில் தமிழில் படிப்பிக்கும் ஒருவர் கட்டாயம் எழுத வேண்டிய ஒன்று. யூடியூப்பில் தமிழ்க் கணித வீடியோ தேடினால் வருவதில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். நம் பாடநூலில் அட்சரகணிதம், அங்கே இயற்கணிதம். இங்கே கேத்திரகணிதம், அங்கே வடிவியல். முக்கோணி அங்கே முக்கோணம். இடை, இடையம், ஆகாரம் என்று படித்த பிள்ளைக்கு அங்கே சராசரி, இடைநிலை, முகடு என்று சொல்கிறார்கள். விஞ்ஞானத்தில் இன்னும் மோசம்: ஒட்சிசன் ஆக்சிஜன் ஆகிறது, கலம் செல் ஆகிறது, சேதன இரசாயனம் கரிம வேதியியல் ஆகிறது. கெட்டிக்காரப் பிள்ளை இதைத் தாண்டிவிடும். ஏற்கெனவே தடுமாறும் பிள்ளை, கணக்கைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் சொல்லைப் பிடிக்கப் போய்விடும். செயல்படு நினைவகம் மிகச் சிறியது என்ற ஜோன் ஸ்வெலரின் அறிகைச் சுமைக் கோட்பாட்டை இதற்குப் பொருத்தலாம். ஒரே பாடத்தை நம் சொற்களிலும் அவர்களின் சொற்களிலும் பதிவுசெய்து ஒப்பிட்டால் அதுவே ஒரு முதுமாணி ஆய்வு. வெளியூர் ஆய்வாளர் எவரும் நமக்காக இதைச் செய்யப்போவதில்லை. உங்களுக்கு நேரமிருந்தால் இதை எடுங்கள் என்றே மனதாரச் சொல்வேன்.

நேரம் குறைவு என்றால் இப்படி ஒரு தலைப்பு: “ஒவ்வொரு கணக்குக்கும் கணினியில் உடனடிப் பின்னூட்டல் பெறும் தரம் 9 மாணவர், அதே கணக்குகளைக் கடதாசியில் செய்து மறுநாள் திருத்தம் பெறும் மாணவரைவிடச் சமன்பாடுகளில் குறைவாகப் பிழை விடுகின்றனரா?” கணக்குகள், நிமிடங்கள், ஆசிரியர் எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. முக்கியமாக மாறுவது பின்னூட்டல் வரும் நேரம். கிளார்க் கேட்டது இதைத்தான்.

உங்களிடம் 9அ, 9ஆ என்று இரண்டு சமாந்தர வகுப்புகள் இருந்தால் குறுக்கு மாற்று முறையில் செய்யுங்கள். முதல் 3 வாரம் சமன்பாடுகள்: 9அ ஆய்வுகூடத்தில், 9ஆ கடதாசியில். அடுத்த 3 வாரம் காரணிப்படுத்தல்: இப்போது 9ஆ ஆய்வுகூடத்தில், 9அ கடதாசியில். இதனால் ஒரு வகுப்பு இயல்பாகவே கெட்டித்தனமானது என்ற குறுக்கீடு பெருமளவு நீங்கும். எந்தப் பிள்ளைக்கும் வாய்ப்பு மறுக்கப்படவில்லை என்று பெற்றோருக்கும் அதிபருக்கும் சொல்லலாம். ஒவ்வொரு அலகுக்கும் முற்சோதனை, பிற்சோதனை, 3 வாரம் கழித்து முன்னறிவித்தல் இல்லாத ஒரு மறுசோதனை வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். புதுமை மயக்கத்தில் வந்த உயர்வு அங்கேதான் கழன்றுவிழும்.

பயிற்சியை கூகுள் ஃபோர்ம்ஸிலேயே அமைக்கலாம். ஒரு பகுதிக்கு ஒரு கேள்வி, பல்தேர்வு விடை, தெரிவுசெய்த விடைக்கேற்ப அடுத்த பகுதிக்குப் போகும் வசதி. இங்கே உயிர்நாடி பிழையான விடைகள்தான். அவற்றைக் கண்டபடி போடாமல், பிள்ளைகள் உண்மையில் விடும் பிழையில் இருந்து எடுங்கள். தெரியாக்கணியத்தை □ என்று எழுதினால், 3(□ − 2) = 12 என்ற கணக்கில் சரியான விடை 6. அடைப்பை நீக்கும்போது 3□ − 2 = 12 என்று எழுதும் பிள்ளைக்கு 14/3 வரும். 3□ − 6 = 12 வரை சரியாக வந்து, 6ஐக் கூட்டாமல் கழிக்கும் பிள்ளைக்கு 2 வரும். ஆகவே 6, 14/3, 2 மூன்றும் தெரிவுகள். 14/3 தொட்ட பிள்ளைக்கு “அடைப்புக்குள் எத்தனை உறுப்பு இருக்கிறது? 3 எவற்றைப் பெருக்க வேண்டும்?” என்ற பகுதி திறக்கட்டும். 2 தொட்ட பிள்ளைக்கு வேறு பகுதி. வெறுமனே “பிழை” என்று சிவப்பில் காட்டினால் பிள்ளை மற்ற இரண்டு விடைகளையும் தட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய வினாத்தாளை அப்படியே ஒட்டினால் திரையில் தமிழ் வராது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல்தான் வரும். யுனிகோடுக்கு மாற்றிய பின் ஒவ்வொரு கேள்வியாக வாசித்துச் சரிபாருங்கள். பின்னங்களும் படிகளும் மாற்றத்தில் உடைந்துபோகும். பிள்ளையின் பெயரைத் தட்டச்சுச் செய்யக் கேட்காதீர்கள். ஒரே பிள்ளை முற்சோதனையில் ஒரு மாதிரியும் பிற்சோதனையில் இன்னொரு மாதிரியும் எழுதும். இரண்டு தாளையும் பொருத்த முடியாமல் போகும். சுட்டெண்ணைப் பட்டியலில் இருந்து தெரிவுசெய்ய விடுங்கள். 20 கணினியில் எத்தனை வேலை செய்கின்றன என்பதை முதல் நாளே எண்ணுங்கள். 38 பேருக்கு 17 கணினி என்றால் இருவர், சில இடத்தில் மூவர் சேர்ந்து இருப்பார்கள். அது குறையல்ல, வடோதராவிலும் இருவர்தான். ஆனால் மௌஸ் யார் கையில் என்பதை 2 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். மௌஸ் பிடிக்காத பிள்ளை கொப்பியில் கணக்கைச் செய்கிறதா, திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறதா? இருவருக்கும் கொப்பி கட்டாயம், 5 கணக்குக்கு ஒருமுறை மௌஸ் கைமாற வேண்டும் என்று விதி வைத்தால் இது பெரும்பாலும் சீராகும்.

நேரத்தையும் எழுதுங்கள். மணி அடித்ததில் இருந்து முதல் பிள்ளை முதல் விடையைத் தொடும் வரை எத்தனை நிமிடம்? வகுப்பில் இருந்து நடந்து வர 4, வாசலில் சப்பாத்தைக் கழற்றி இருக்கையில் அமர 4, கணினியை இயக்கிப் படிவத்தைத் திறக்க 5, முடிவில் மூடி வெளியேற 5 என்றால், 40இல் மிஞ்சுவது 22 நிமிடம். கடதாசி வகுப்புக்கும் அந்த 22 நிமிடத்தையே கொடுங்கள். அல்லாவிட்டால் நீங்கள் அளப்பது நேரத்தை. இந்தப் பதிவை முடிவு அத்தியாயத்தில் ஓர் அட்டவணையாகப் போடுங்கள். பாடசாலைகளுக்கு மிகப் பயன்படுவது அதுவாக இருக்கலாம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததும், அதே ஆண்டு மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போனதும் நினைவிருக்கும். ஆகவே ஒவ்வொரு அமர்வுக்கும் மாற்று நாள் ஒன்றை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

பகுப்பாய்வு எளிது. உதாரணத்துக்கு மட்டும்: 20 புள்ளிச் சோதனையில் ஒரு வகுப்பு 11.2இல் இருந்து 15.0க்கும், மற்றது 11.0இல் இருந்து 13.4க்கும் போகிறது. உயர்வுகள் 3.8, 2.4. வித்தியாசம் 1.4. நியம விலகல் 4.0 என்றால் விளைவளவு 0.35. பார்க்க அழகான எண். ஆனால் வகுப்புக்கு 38 பேர் என்றால் அதன் வழு எல்லை ஏறத்தாழ கூட்டல் கழித்தல் 0.45, பூச்சியமும் அதற்குள் விழும். முற்சோதனைப் புள்ளியைப் பகுப்பாய்வில் சேர்த்து, அதற்கும் பிற்சோதனைக்கும் இடையே 0.7 அளவில் இணைபு (இரண்டும் சேர்ந்து கூடிக்குறையும் அளவு) இருந்தால் எல்லை 0.32 அளவுக்குச் சுருங்கும். முற்சோதனையை ஒழுங்காக வைப்பதன் பெறுமதி இதுதான். இரண்டே வகுப்பு, ஒரே பாடசாலை என்பதால் “கொழும்பு மாணவர்” என்று பொதுவாக எழுத முடியாது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். மொத்தப் புள்ளியோடு நிற்காமல் பிழை வகைகளையும் எண்ணுங்கள். அடைப்புப் பிழை குறைந்து குறிப் பிழை அப்படியே இருந்தால், பின்னூட்டல் எங்கே வேலை செய்தது என்பது தெரியும்.

“கணினியில் கற்றது பிடித்ததா, பயனுள்ளதா” என்ற வினாக்கொத்தை முக்கிய சான்றாக வைக்க வேண்டாம். ஹார்வர்ட் பௌதிக வகுப்புகளில் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாமே செயற்பட்டுக் கற்ற மாணவர் உண்மையில் கூடக் கற்றிருந்தார்கள்; ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். விரிவுரை கேட்டவர்களுக்கு நேர்மாறு. உணர்வைக் கேட்பதற்குப் பதிலாக ஒவ்வொரு வகுப்பிலும் மேல், நடு, கீழ் மட்டத்தில் இருவராக ஆறு பிள்ளைகளை அழைத்து, ஒரு கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வையுங்கள். 10 நிமிடம் போதும். விடைத்தாள்களில் வகுப்புத் தெரியாதபடி சுட்டெண்ணை மட்டும் விட்டு, வேறொரு கணித ஆசிரியரைத் திருத்தச் சொல்லுங்கள்.

அனுமதிக்கு: உங்கள் பாடசாலை தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சு, மாகாணப் பாடசாலை என்றால் மேல் மாகாணக் கல்வித் திணைக்களமும் உங்கள் வலயமும். அதோடு அதிபர், பெற்றோர் ஒப்புதல், பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழு. கடிதங்கள் நகர வாரங்கள் எடுக்கும், அவற்றை முதலில் அனுப்புங்கள். அவை வரும்வரை முற்சோதனைத் தாளை இந்த இரண்டு வகுப்பிலும் சேராத 10 பிள்ளைகளுக்கு, ஆய்வுத் தரவாக எடுக்காமல், வகுப்புப் பயிற்சியாகக் கொடுத்துப் பாருங்கள். 10 பேரில் 9 பேர் சரியாகச் செய்த கேள்வியை எடுத்துவிடுங்கள், அது உயர்வைக் காட்டாது. ஒருவருமே தொடாத கேள்வி என்றால், முதலில் கேள்வியின் தமிழை வாசித்துப் பாருங்கள்.